கன்சல்டன்சி மெயில் குவியுதா? புதுசா வேலை தேட ஆரம்பிச்சவங்களுக்கு

வேலை தேடுற வெப்சைட்டான நவுக்ரில ப்ரொஃபைல் போட்டு ரெண்டு நாள்தான் ஆகியிருக்கும், மெயிலைத் திறந்தா சிவில் இன்ஜினியரிங் படிச்ச பையனுக்கு நொய்டால நைட் ஷிஃப்ட் வாய்ஸ் ப்ராசஸ் (கால் சென்டர் வேலைதான்), அக்கவுண்ட்ஸ்ல ஆறு வருஷம் இருந்த அக்காவுக்கு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை, நடுவுல "100% பிளேஸ்மென்ட் கேரண்டி"னு டெஸ்டிங் கோர்ஸ் விக்கிறவர் ஒருத்தர், இதுக்கெல்லாம் அடியில எங்கயோ நிஜமாவே உங்களுக்கு வந்த இன்டர்வியூ மெயில் புதைஞ்சு கிடக்கும். மொத்தமா டெலிட் பண்ணவும் பயம், ஒண்ணொண்ணா படிச்சுப் பார்க்கவும் பொறுமை கிடையாது. நான் கொஞ்ச காலம் ரெக்ரூட்மென்ட் பக்கம் இருந்ததால இந்த மெயில் எல்லாம் எங்க இருந்து கிளம்புதுன்னு தெரியும், அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன், அது புரிஞ்சா மீதி தானா புரியும்.

ஏன் இவ்வளவு மெயில்

நவுக்ரி மாதிரி போர்ட்டல்கள் நமக்கு ஃப்ரீ. காசு கொடுக்கிறது கம்பெனிகளும், அவங்களுக்கு ஆள் தேடிக் கொடுக்கிற கன்சல்டன்சிகளும். நவுக்ரியோட ரெஸ்யூம் டேட்டாபேஸுக்கு ரெஸ்டெக்ஸ்னு பேரு, சந்தா கட்டினவங்க உள்ள போய் தேடலாம். கன்சல்டன்சில உக்காந்திருக்கிற பொண்ணுக்கு காலைல டீம் லீட் ஒரு ஜேடி, அதாவது என்ன வேலை, என்ன தகுதி வேணும்ங்கிற குறிப்பு அனுப்புவாங்க, அவங்க தேடுற கட்டத்துல ஜாவா, ஸ்பிரிங் பூட், சென்னை, 4 முதல் 7 வருஷம்னு போடுவாங்க, நூத்துக்கணக்குல ப்ரொஃபைல் வரும், சாயங்காலத்துக்குள்ள இத்தனை பேரை அனுப்பணும்னு டார்கெட் இருக்கும், இதுல யாரு ஒவ்வொரு ரெஸ்யூமா படிப்பாங்க? அந்தப் பேஜ்ல வந்த எல்லாத்தையும் டிக் பண்ணி ஒரே டெம்ப்ளேட்டைத் தட்டி விட்டுடுவாங்க. உங்க ரெஸ்யூம்ல எங்கயோ ஒரு மூலைல "காலேஜ் ப்ராஜெக்ட்ல ஜாவா"ன்னு இருந்தா போதும், நீங்க ஜாவா டெவலப்பர்தான்.

எதுக்கு இவ்வளவு அவசரம்னா, ஆளைச் சேர்த்து விட்டா அவரோட வருஷ சம்பளத்துல 8.33 சதவீதம் கம்பெனிகிட்ட வாங்குறதுதான் இங்க ரொம்ப நாளா இருக்கிற கணக்கு, அதாவது ஒரு மாச சம்பளம். ஆள் சேர்ந்தாதான் காசு. அதே வேலையை நாலஞ்சு கன்சல்டன்சிகிட்ட கம்பெனி கொடுத்திருக்கும், யாரு முதல்ல உங்க ரெஸ்யூமை அனுப்புறாங்களோ அவங்களுக்குத்தான் நீங்க "சொந்தம்". அதனாலதான் ஒரே வேலைக்கு நாலு பேர்கிட்ட இருந்து நாலு மெயில் வருது.

இன்னொரு விஷயம், தேடுறவங்க பெரும்பாலும் சமீபத்துல ஆக்டிவா இருந்த ப்ரொஃபைலைத்தான் மேல வர வச்சுப் பார்ப்பாங்க. தினமும் ப்ரொஃபைலை அப்டேட் பண்ணுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றது இதுக்குத்தான், அதுல உண்மை இருக்கு, ஆனா நல்ல கால் வர்ற அதே வழியாத்தான் குப்பையும் வரும். தீவிரமா தேடுறப்போ அப்டேட் பண்ணுங்க, சும்மா மார்க்கெட் எப்படி இருக்குன்னு பார்க்கிறவங்க கை வைக்காம இருங்க.

முதல்ல எது எந்த மெயில்னு பிரிங்க

எல்லாத்துக்கும் ஒரே பட்டனை அழுத்துறதுதான் புதுசா வர்றவங்க பண்ற வேலை. போர்ட்டலே அனுப்புற ஜாப் அலெர்ட் வேற, நிஜ ரெக்ரூட்டர் நிஜ வேலைக்கு அனுப்புற மெயில் வேற, கோர்ஸ் விக்கிறவங்களும் கண்ணை மூடிட்டு மொத்தமா அனுப்புறவங்களும் வேற, ஏமாத்துக்காரங்க வேற. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் தனி.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? அனுப்பினவர் பேரைப் பார்க்காதீங்க, பேருன்னு இருக்கிற இடத்துல யாரு வேணா எது வேணா போட்டுக்கலாம். ஜிமெயிலை கம்ப்யூட்டர்ல திறந்து, அனுப்பினவர் பேருக்குக் கீழ "டு மீ"ன்னு இருக்கும் பாருங்க, அதுக்குப் பக்கத்துல இருக்கிற குட்டி அம்புக்குறியை அழுத்துங்க. ஒரு சின்ன பெட்டி விரியும். அதுல "மெயில்ட் பை", "சைன்ட் பை"ன்னு ரெண்டு வரி இருக்கும். பெரிய ஐடி கம்பெனி எச்ஆர்னு பேரைப் போட்டுட்டு சைன்ட் பைல சம்பந்தமே இல்லாத டொமைன் (வெப்சைட் பேரு) இருந்தா நிதானிக்கணும், ஆனா அதை மட்டும் வச்சு முடிவு கட்டிடாதீங்க, நிறைய கம்பெனி ஆள் எடுக்கிற சாஃப்ட்வேர் மூலமாவும் அனுப்பும். அதே வேலை கம்பெனியோட சொந்த வெப்சைட்ல கரியர்ஸ் பக்கத்துல இருக்கான்னு தனியா போய் பாருங்க, மெயில்ல இருக்கிற லிங்க் வழியா போகாதீங்க.

இங்க ஒண்ணு சொல்லணும். ஜிமெயில் ஐடில இருந்து வந்தாலே ஃபிராடுன்னு நிறைய பேர் எழுதுறாங்க, அது சரியில்ல. அம்பத்தூர்லயும் கிண்டிலயும் ரெண்டு பேர் மூணு பேர் வச்சு நடத்துற சின்ன கன்சல்டன்சிங்க எத்தனையோ ஜிமெயில்லதான் ஓடுது, ஃபேக்டரி வேலை, அக்கவுண்டன்ட் வேலைக்கெல்லாம் அவங்கதான் ஆள் அனுப்புறாங்க. "நாங்க கன்சல்டன்சி, இந்த கிளையன்ட்டுக்கு ஆள் தேடுறோம்"னு ஜிமெயில்ல வந்தா விசாரிக்கலாம். "நான் இந்தப் பெரிய கம்பெனியோட எச்ஆர் ஹெட்"னு ஜிமெயில்ல வந்தா விசாரிக்கவே வேணாம்.

மெயிலைத் தொடுறதுக்கு முன்னாடி ப்ரொஃபைலைப் பாருங்க

குழாயை மூடாம தரையைத் துடைச்சுட்டே இருந்தா விடிய விடிய துடைக்க வேண்டியதுதான். அதனால முதல்ல போர்ட்டல் செட்டிங்ஸ்.

நவுக்ரில செட்டிங்ஸ் உள்ள போனா ப்ரொஃபைல் யாருக்குத் தெரியணும்னும், எந்தெந்த கம்பெனிக்குத் தெரியக் கூடாதுன்னும் வைக்கிறதுக்கு இடம் இருக்கு. இப்ப வேலை பார்த்துட்டு இருக்கிற கம்பெனியை மறக்காம பிளாக் லிஸ்ட்ல போடுங்க, இது மெயிலுக்காக இல்ல, உங்க எச்ஆர் உங்க ரெஸ்யூமைத் தேடல்ல பார்த்துட்டா அந்த வாரம் பூரா சங்கடம். திரும்பத் திரும்ப குப்பை அனுப்புற கன்சல்டன்சி பேரையும் அதே இடத்துல போட்டு பார்க்கலாம். எந்த மெயில் தினமும் வரணும், எது வாரம் ஒருக்கா, எது வேணவே வேணாம்னு தனியா இருக்கும், அதுல ப்ரொமோஷன் சம்பந்தப்பட்டதை எல்லாம் ஆஃப் பண்ணுங்க. ரெஸ்யூம் எழுதித் தர்றோம், ப்ரொஃபைலை மேல தூக்கி விடுறோம்னு போர்ட்டல்களே விக்கிற பெய்ட் சர்வீஸ் மெயில் பாதி இதுலயே நின்னுடும்.

கீ ஸ்கில்ஸ்ல கை வைங்க. இதை யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா எனக்குத் தெரிஞ்சு அதிகமா பலன் கொடுக்கிறது இதுதான். காலேஜ்ல தொட்ட எல்லா டெக்னாலஜியும் அதுல கிடந்தா தேடுற எல்லாரோட வலையிலயும் நீங்க விழுவீங்க. எந்த வேலைக்குப் போகவே மாட்டீங்களோ அந்தச் சொல்லை எல்லாம் தூக்குங்க. "கம்யூனிகேஷன்", "கஸ்டமர்"னு ரெண்டு சொல் இருந்தா கால் சென்டர் மெயில் கண்டிப்பா வரும். விருப்பமான ஊர்ல "இந்தியால எங்க வேணாலும்"னு போட்டுட்டு நொய்டால இருந்து மெயில் வருதேன்னு கோவப்படக் கூடாது இல்லையா.

லிங்க்ட்இன்ல "ஓபன் டு வொர்க்" போட்டா ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியற மாதிரியும் வைக்கலாம், எல்லாருக்கும் தெரியற மாதிரி பச்சை வளையத்தோடவும் வைக்கலாம். பச்சை வளையம் போட்டா கோர்ஸ் விக்கிறவங்களும் வருவாங்க. அதோட செட்டிங்ஸ்ல விசிபிலிட்டி பக்கத்துல உங்க ஈமெயில் முகவரியை யாரு பார்க்கலாம்னு ஒரு வரி இருக்கும், அதை உங்களுக்கு மட்டும்னு மாத்துங்க. இன்மெயில், அதாவது தெரியாதவங்க லிங்க்ட்இன் வழியா அனுப்புற மெசேஜ், தொல்லைன்னா அதையும் மூடலாம், ஆனா தீவிரமா தேடிட்டு இருக்கிறப்போ மூடாதீங்க. இன்டீட்லயும் ரெஸ்யூமை எம்ப்ளாயர்ஸ் தேடிப் பார்க்க முடியாத மாதிரி வச்சுட்டு, நாமளா அப்ளை பண்ற இடத்துக்கு மட்டும் போற மாதிரி வச்சுக்கலாம். அப்புறம் பழைய கணக்கு எல்லாம் ஞாபகம் வச்சுத் தேடுங்க, மான்ஸ்டர் இந்தியா 2022-ல ஃபவுண்டிட்னு பேரை மாத்திக்கிச்சு, எப்பவோ மான்ஸ்டர்ல போட்ட ரெஸ்யூம் அங்க உயிரோட இருக்கலாம். ஷைன் போர்ட்டல்லயும் அப்படித்தான்.

அன்சப்ஸ்கிரைப் பண்றது

ஒரு நியாயமான கம்பெனி மொத்தமா அனுப்புற மெயிலா இருந்தா அன்சப்ஸ்கிரைப் வேலை செய்யும். 2024 பிப்ரவரில இருந்து கூகுளும் யாஹூவும் ஒரு ரூல் கொண்டு வந்தாங்க: ஜிமெயில் ஐடிகளுக்கு ஒரே நாள்ல 5,000 மெயிலுக்கு மேல அனுப்புறவங்க, மார்க்கெட்டிங் மெயில்ல ஒரே கிளிக்ல விலகுற வசதி வைக்கணும், விலகினவங்களை ரெண்டு நாளுக்குள்ள லிஸ்ட்ல இருந்து எடுக்கணும். எடுக்கலைன்னா அவங்க மெயிலே ஸ்பேமுக்குப் போக ஆரம்பிக்கும், அந்தப் பயத்துலயே பெரிய போர்ட்டல்கள் ஒழுங்கா நடந்துக்குறாங்க.

எங்க அழுத்தணும்ங்கிறது முக்கியம். மெயிலுக்கு மேல, அனுப்பினவர் பேருக்குப் பக்கத்துல ஜிமெயிலே காட்டுற அன்சப்ஸ்கிரைப் இருக்கு பாருங்க, அதை அழுத்துங்க. மெயிலோட கடைசில பொடி எழுத்துல இருக்கிற லிங்க் அனுப்பினவங்களே வச்சது, நம்பிக்கையான போர்ட்டல்னா பரவாயில்ல, யாருன்னே தெரியாதவங்களோடதா இருந்தா அதைத் தொடாதீங்க, அந்த லிங்க்கை அழுத்தினா "இந்த ஐடில ஆள் இருக்கு, படிக்கவும் செய்றாரு"ன்னு நாமளே தகவல் கொடுத்த மாதிரி ஆயிடும். லிங்க் திறந்து உங்க பாஸ்வேர்டு கேட்டாலோ ஃபோன் நம்பர் கேட்டாலோ அப்படியே மூடிடுங்க, லிஸ்ட்ல இருந்து விலகுறதுக்கு பாஸ்வேர்டு எதுக்கு.

ஜிமெயில் இடது பக்க மெனுல "மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்"னு வந்திருக்கு, யாரு யாரு எவ்வளவு அனுப்புறாங்கன்னு வரிசையா காட்டும், ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா கடகடன்னு முடிச்சுடலாம். அது தெரியலைன்னா தேடுற கட்டத்துல இங்கிலீஷ்ல அன்சப்ஸ்கிரைப்னு அடிங்க, மார்க்கெட்டிங் மெயில் முக்காவாசி அதுலயே சிக்கும். அவுட்லுக் வச்சிருக்கிறவங்களுக்கு "ஸ்வீப்"னு ஒரு பட்டன் இருக்கு, ஒரே ஆள் அனுப்பின எல்லாத்தையும் மொத்தமா வாரிடும், இனிமே வர்றதையும் சேர்த்து.

யாருன்னே தெரியாத கன்சல்டன்சி, கோர்ஸ் கோஷ்டி, இவங்களுக்கெல்லாம் ரிப்போர்ட் ஸ்பேம். பிளாக் பண்ணாலும் சரிதான், ஆனா பிளாக்குன்னா மெயில் வராமலே நின்னுடும்னு நினைக்காதீங்க, அது நேரா ஸ்பேம் ஃபோல்டருக்குப் போகுது, அவ்வளவுதான். ஸ்பேம் ஃபோல்டர் 30 நாள்ல தானா காலியாகும், அதனால வேலை தேடுற காலத்துல வாரத்துக்கு ஒருக்காவது அதை எட்டிப் பாருங்க. அதே காரணத்துக்காக நவுக்ரி, லிங்க்ட்இன் மெயிலை எரிச்சல்ல ஸ்பேம்னு அழுத்தாதீங்க, அடுத்த வாரம் வர்ற இன்டர்வியூ அழைப்பும் அதுகூடவே ஸ்பேமுக்குள்ள போயிடலாம்.

அப்புறம் ஜிமெயில் செட்டிங்ஸ்ல ஜெனரல் பக்கத்துல, வெளிப் படங்களைக் காட்டுறதுக்கு முன்னாடி கேளுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத குட்டிப் படத்தை மெயில்ல ஒளிச்சு வச்சு நீங்க திறந்தீங்களா இல்லையான்னு பார்க்கிறது மார்க்கெட்டிங்ல சகஜம், இதை ஆன் பண்ணா அது நடக்காது.

நிஜ ரெக்ரூட்டருக்கு எப்படி பதில் போடுறது

இவங்களைத் துரத்தக் கூடாது, ஆனா வேலை பொருந்தலைன்னா பதில் போடாம விட்டா திரும்ப வருவாங்க. ரெண்டு வரி போதும்: இந்த வேலை எனக்குப் பொருந்தாது, எனக்கு வேண்டியது இன்ன வேலை, இன்ன ஊர், இதுக்குக் குறைஞ்ச சம்பளம் வேணாம். வேணவே வேணாம்னா, உங்க டேட்டாபேஸ்ல இருந்து என் விவரத்தை எடுத்துடுங்கன்னு சேர்த்துக்கோங்க. திட்டி எழுதாதீங்க. இந்தத் துறைல ஆறு மாசத்துக்கு ஒருக்கா கம்பெனி மாறுவாங்க, இன்னைக்கு கன்சல்டன்சில இருக்கிறவர் நாளைக்கு நீங்க ஆசைப்படுற கம்பெனில எச்ஆரா உக்காந்திருப்பார்.

பொருந்துற மாதிரி இருந்தாலும் கேட்ட உடனே ரெஸ்யூமை அனுப்பாதீங்க. கரன்ட் சிடிசி (இப்ப வாங்குற மொத்த வருஷ சம்பளம்), எக்ஸ்பெக்டட் சிடிசி (எதிர்பார்க்கிறது), நோட்டீஸ் பீரியட், டேட் ஆஃப் பர்த், பான் நம்பர்னு ஒரு டேபிள் அனுப்பி நிரப்பச் சொல்வாங்க. கிளையன்ட் யாருன்னு முதல்ல கேளுங்க. பேரைச் சொல்ல மாட்டேன்னா குறைஞ்சது என்ன துறை, எந்த ஏரியான்னு கேளுங்க. "என்கிட்ட கேட்காம எங்கயும் சப்மிட் பண்ணாதீங்க"ன்னு மெயில்லயே எழுதி வைங்க, ஏன்னா ரெண்டு கன்சல்டன்சி ஒரே கம்பெனிக்கு உங்களை அனுப்பினா ட்யூப்ளிகேட்டுன்னு சொல்லி ரெண்டையும் ஓரங்கட்டுற கம்பெனி இருக்கு. சிலர் டூப்ளிகேட் வரக் கூடாதுன்னு பான் நம்பரோட கடைசி சில எழுத்து கேட்பாங்க, அது நடக்கிறதுதான். ஆதார் காப்பி, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் இன்டர்வியூவுக்கு முன்னாடி யாருக்கும் வேண்டாதது.

தனி ஐடி, ஃபில்டர்

இப்பதான் ஆரம்பிக்கிறீங்கன்னா வேலைக்குன்னே தனியா ஒரு மெயில் ஐடி வைங்க, பேங்க், கரண்ட் பில், ஆதார் எதுக்கும் அதைக் கொடுக்காதீங்க. ஜிமெயில்ல ஐடிக்குப் பின்னாடி பிளஸ் போட்டு ஏதாவது சேர்த்தாலும் உங்களுக்கே வந்து சேரும், உங்கபேர்+ஷைன்னு ஒரு போர்ட்டல்ல கொடுத்தீங்கன்னா எவனோ ஒருத்தன் அந்த ஐடிக்கு கோர்ஸ் விக்க வர்றப்போ விவரம் எங்க இருந்து போச்சுன்னு தெரிஞ்சுடும். சில ஃபார்ம் பிளஸ்ஸை ஏத்துக்காது, விவரமானவங்க பிளஸ்ஸை வெட்டிட்டு அனுப்புவாங்க, அதனால இது துப்பு துலக்கத்தான் உதவும், தடுக்கிறதுக்கு இல்ல.

ஃபில்டர் போடுறப்போ டெலிட்னு வைக்காதீங்க. "வாக்கின் டிரைவ்", "அர்ஜென்ட் ஓப்பனிங்", "இம்மீடியட் ஜாய்னர்ஸ்" மாதிரி சொற்கள் சப்ஜெக்ட்ல வந்தா இன்பாக்ஸைத் தாண்டி தனி லேபிளுக்குப் போற மாதிரி வைங்க, ராத்திரி அஞ்சு நிமிஷம் பார்த்தா போதும். "நோட்டீஸ் பீரியட்"ங்கிற சொல்லுக்கு ஃபில்டர் போடாதீங்க, நல்ல மெயில்லயும் அது இருக்கும்.

காசு கேட்டா

ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், லேப்டாப் டெபாசிட், டாக்குமென்ட் வெரிஃபிகேஷன், யூனிஃபார்ம், என்ன பேர்ல கேட்டாலும் இன்டர்வியூ வைக்காம ஆஃபர் லெட்டர் அனுப்பி 1,999 ரூபா கட்டச் சொன்னா அது ஃபிராடுதான். அதுக்கு அன்சப்ஸ்கிரைப்பும் கிடையாது, பதிலும் கிடையாது, ரிப்போர்ட் ஃபிஷிங் அழுத்திட்டு விட்டுடுங்க. காசு போயிடுச்சுன்னா யோசிக்காம சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்கு ஃபோன் போடுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அந்தளவு பணத்தை நடுவழில நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. அப்புறம் மத்திய அரசோட சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் பதியுங்க, மெயிலை மட்டும் டெலிட் பண்ணிடாதீங்க, அதுதான் ஆதாரம்.

வெளிநாட்டு வேலை மெயிலுக்கு இன்னும் கவனம் வேணும். தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலை, டிக்கெட் ஃப்ரீன்னு நம்பிப் போன நம்ம ஊர்ப் பசங்களை எல்லை தாண்டி மியான்மர்ல மியாவாடிக்குக் கொண்டு போய் ஆன்லைன் மோசடி பண்ண வச்சு அடிச்சது 2022-ல பேப்பர் பூரா வந்துச்சு. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்ட் 1983-ம் வருஷத்து எமிக்ரேஷன் சட்டப்படி மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணியிருக்கணும், இ-மைக்ரேட் வெப்சைட்ல பேரைப் போட்டுத் தேடலாம், பதிவு பண்ண ஏஜென்ட்டும் 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும் தவிர சர்வீஸ் சார்ஜ்னு அதிகமா வாங்கக் கூடாது. தமிழ்நாடு அரசுக்கே ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன்னு ஒண்ணு சென்னைல இருக்கு, மெயில்ல வந்தவரை நம்புறதுக்கு முன்னாடி அங்க என்ன ஓப்பனிங் இருக்குன்னு பாருங்க.

சட்டத்துல இடம் இருக்கா

விளம்பர ஃபோனையும் எஸ்எம்எஸ்ஸையும் நிறுத்த 1909-ல பதியுற டிஎன்டி (டு நாட் டிஸ்டர்ப்) இருக்கு, அது மெயிலுக்குப் பொருந்தாது. ஐடி சட்டத்தோட 66ஏ பிரிவுல எரிச்சலூட்டுற மெயிலைப் பத்தி ஒரு வரி இருந்துச்சு, ஆனா அந்தப் பிரிவையே சுப்ரீம் கோர்ட் 2015 மார்ச்ல ரத்து பண்ணிடுச்சு, அதுவும் நல்லதுக்குத்தான், ஃபேஸ்புக்ல ஒரு போஸ்ட் போட்டதுக்கெல்லாம் ஆளைப் பிடிச்சுட்டு இருந்தாங்க. இப்ப நம்பிக்கை டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மேலதான். 2023 ஆகஸ்ட்ல சட்டமாச்சு, ரூல்ஸ் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, சம்மதம் கேட்கணும், சொன்னா அழிக்கணும்ங்கிற முக்கியமான பகுதி எல்லாம் அதுல இருந்து 18 மாசம் கழிச்சு, 2027 மே வாக்குலதான் நடைமுறைக்கு வரும். இன்னொண்ணு, நீங்களே பொதுவுல போட்ட விவரத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அதனால மெயில் ஐடி ஃபோன் நம்பரோட ரெஸ்யூமை எல்லாரும் பார்க்கிற இடத்துல ஒட்டி வைக்காதீங்க, கமெண்ட்ல "இன்டரஸ்டட்"னு போட்டு ஐடியையும் போடுற பழக்கத்தையும் விட்டுடுங்க.

அமெரிக்கால இருக்கிறவங்களுக்கு சி-டு-சி ஹாட்லிஸ்ட், பெஞ்ச் சேல்ஸ்னு, ப்ராஜெக்ட் இல்லாம சும்மா இருக்கிற கான்ட்ராக்ட் ஆட்களை மத்த கம்பெனிகளுக்குத் தள்ளி விடுற மெயில் இதைவிட மோசம், பாதி நம்ம ஊர்ல இருந்துதான் கிளம்புது. அங்க 2003-ல வந்த கேன்-ஸ்பேம் சட்டப்படி விளம்பர மெயில்ல தபால் முகவரி இருக்கணும், விலகுறேன்னு சொன்னா 10 வேலை நாளுக்குள்ள நிறுத்தணும். இங்கிலாந்துல இருந்தா உங்க விவரத்தை மார்க்கெட்டிங்குக்குப் பயன்படுத்தாதேன்னு சொன்னா அவங்க நிறுத்தியே ஆகணும், சாக்கு சொல்ல முடியாது, மீறினா அங்க தரவுப் பாதுகாப்பைப் பார்த்துக்கிற ஐசிஓகிட்ட புகார் போடலாம்.

வேலை கிடைச்ச பிறகு

ஜாயின் பண்ண அன்னைக்கே ஒவ்வொரு போர்ட்டலா போய் ரெஸ்யூமை மறைச்சுடுங்க, இல்ல அக்கவுண்டையே எடுத்துடுங்க, ஆப்பை ஃபோன்ல இருந்து தூக்கினா அக்கவுண்ட் போயிடாது. ஏற்கனவே எக்செல்ல டவுன்லோட் பண்ணி வச்சிருக்கிற கன்சல்டன்சிகள்கிட்ட இருந்து கொஞ்ச காலம் மெயில் வந்துட்டுதான் இருக்கும், அதை எல்லாம் தேடிப் போய் நிறுத்த முடியாது. தனி ஐடி வச்சிருந்தீங்கன்னா அந்த ஐடியோட நோட்டிஃபிகேஷனை மட்டும் ஆஃப் பண்ணிட்டு, பாஸ்வேர்டை எங்கயாவது எழுதி வச்சுக்கோங்க, அடுத்த தடவை தேடுறப்போ வேணும், ரெண்டு வருஷம் தொடாமலே விட்டா கூகுள் அந்த அக்கவுண்டை அழிச்சுடலாம், அதனால எப்பவாவது ஒருக்கா உள்ள போய்ட்டு வாங்க.